நாய்ப் பயிற்சி, தங்கும் இடம் நடத்துபவர்கள் உதவுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். கடலூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். அப்பா நெல்லிக்குப்பம் சாலையில் பல வருடமாக நாய்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார், வெளியூர் போகிறவர்களின் நாய்களையும் வைத்துப் பார்த்துக்கொள்கிறார். முட்டி வலியால் இனி அவரால் ஓட முடியவில்லை. வேலையை விட்டுவிட்டு நானே எடுத்து நடத்தப் போகிறேன்.

கணக்கு வழக்கு எனக்குப் பழக்கம்தான். பயிற்சிதான் புதிது. இப்போது இருக்கும் ராஜபாளையம் நாய் ஒன்று, அப்பா விரலை உயர்த்தினாலே உட்கார்ந்துவிடுகிறது. நான் சொன்னால் என் கையில் இருக்கும் ஈரல் துண்டையே பார்க்கிறது. “பழகப் பழக வரும்மா” என்கிறார் அப்பா. அடிக்காமல் சொல்லிக்கொடுக்கும் பயிற்சியாளர் புதுச்சேரிப் பக்கம் யாராவது தெரியுமா?

பெரிய கவலை மழைக்காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை இங்கே தண்ணீர் தேங்கும். எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரில் எலிக்காய்ச்சல் வரும், நாயிடமிருந்து நமக்கும் தொற்றும். நாய்களுக்குக் கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு வரவைக்கும் பார்வோ கிருமியோ மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். அதனால் தடுப்பூசி அட்டை இல்லாத நாயைச் சேர்ப்பதில்லை என்று முடிவெடுத்திருக்கிறேன். அப்பாவுக்குத் தெரிந்தவர்களிடம் மறுக்க மனம் வராது. பழைய வாடிக்கையாளர்களிடம் இதை எப்படிச் சொன்னீர்கள்? கழுவிவிட்ட தண்ணீர் தேங்காமல் ஓடத் தரைக்கு எவ்வளவு வாட்டம் விட்டீர்கள்?

அப்புறம், தீபாவளி வெடிக்கு நடுங்கும் நாய்களுக்கு அறையில் என்ன ஏற்பாடு செய்யலாம்?

உங்கள் இடத்தை ஒரு நாள் பார்க்க விட்டால் போதும், கூட்டிக் கழுவி வேலையும் செய்து தருகிறேன்.