பழைய லேப்டாப்பில் வைஃபை பத்து நிமிடத்தில் நின்றுவிடுகிறது, உதவுங்கள்

நண்பர்களே, பதினோரு வருடப் பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டிருக்கிறேன். போன வாரம் கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) அப்டேட் ஆனதிலிருந்து வைஃபை பத்து நிமிடம் ஓடும், அப்புறம் நின்றுவிடும். மூலையில் உள்ள ஐகான் முழு சிக்னல் காட்டிக்கொண்டே இருக்கும், ஆனால் ரௌட்டருக்குப் பிங் அனுப்பினால் பதில் வராது. வைஃபையை அணைத்துப் போட்டால் இன்னொரு பத்து நிமிடம்.

வைஃபை தடுக்கப்பட்டிருக்கிறதா என்று காட்டும் ஆர்எஃப்கில் (rfkill) கட்டளையில் சாஃப்ட் பிளாக் (மென்பொருள் தடை), ஹார்ட் பிளாக் (சுவிட்ச் தடை) இரண்டுமே 'நோ'. ஆகவே பக்கவாட்டு சுவிட்ச் மேல் சந்தேகமில்லை. கார்டு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் பிடிக்கும் ரகம் என்பதால் ரௌட்டரில் சேனலை 13இலிருந்து 6க்கு மாற்றினேன். பலனில்லை. அதே இடத்தில் போன் நன்றாக ஓடுகிறது, கேபிள் செருகினால் லேப்டாப்பும்.

வைஃபை அமைப்புகளை மாற்றும் ஐடபிள்யூ (iw) கட்டளையால் வைஃபையின் பவர் சேவ் (மின்சேமிப்பு) வசதியை நிறுத்தியபோது மட்டும் ஒன்றரை மணி நேரம் தாங்கியது! ஆனால் மூடித் திறந்தால் அது தானாக ஆன் ஆகிவிடுகிறது. இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க் மேனேஜரில் இதை நிரந்தரமாக நிறுத்த எந்தக் கோப்பில் என்ன எழுத வேண்டும்? அல்லது பூட் மெனுவில் பழைய கர்னலுக்குத் திரும்புவதுதான் சரியா?

இந்த லேப்டாப்பில்தான் அம்மா தினமும் பேத்தியோடு வீடியோவில் பேசுகிறார். படம் பாதியில் உறைந்ததும் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள், டிமெசேஜ் (dmesg, கர்னல் செய்திகள்) பதிவும் எடுத்து வைத்திருக்கிறேன்.