தராவா போர்ப் படம்: ஒரு கடல் சொல் வேண்டும்

நண்பர்களே, வணக்கம். 1943 நவம்பரில் பசிபிக் கடலின் தராவா பவளத்தீவில் அமெரிக்க மரீன் படையினர் இறங்கிய போரை, அவர்களின் ஒளிப்பதிவாளர்களே களத்தில் நின்று படமாக்கினார்கள். ஆஸ்கர் பெற்ற அந்தக் குறும்படத்துக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதி வருகிறேன். அலையில் வீரர்களின் உடல்கள் மிதக்கும் காட்சி வரும்போது கை நின்றுவிடுகிறது. அங்கே ஒரு சொல்கூடப் பிசகக் கூடாது.

அன்று கடல் போதிய அளவு ஏறவில்லை. படகுகள் பவளப்பாரில் தட்டி நின்றன. துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே, நெஞ்சளவு தண்ணீரில் நடந்தே கரைக்குப் போனார்கள். இப்படிக் கடல் குறைவாக ஏறும் நாட்களை நம் மீனவர்கள் எப்படிச் சொல்கிறார்கள்? 'தாழ்வு ஓதம்' என்று எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் உங்கள் ஊரில் புழங்கும் சொல்லை, ஊர்ப் பெயரோடு தெரிவித்தால் பெரிய உதவியாக இருக்கும்.