சபெராவித் திராட்சையின் குணம் எதில் இருக்கிறது? இனிப்பிலா, துவர்ப்பிலா?

ககேட்டிக்காரன்:
எனக்கு ஜார்ஜிய நாட்டின் தலைநகர் திபிலிசியில் இது ஆறாவது ஆண்டு. ஊரிலிருந்து யார் வந்தாலும் கிண்ட்ஸ்மராவுலி என்ற அரை இனிப்புச் சிவப்பு ஒயினைத்தான் கேட்கிறார்கள். குடித்துவிட்டு, ஜார்ஜிய ஒயின் என்றாலே பழரசம் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். வயிறு எரிகிறது. அது சபெராவித் திராட்சையில் செய்வது. அந்தப் பெயருக்கே சாயம் என்று பொருள். பெரும்பாலான கறுப்புத் திராட்சைகளில் நிறம் தோலோடு சரி, சதை வெளிறியிருக்கும். சபெராவிக்குச் சதையும் சிவப்பு. சென்ற அக்டோபர் அறுவடையில் ஒரு கொத்தை நசுக்கினேன்; நகக்கண்ணில் ஏறிய கறை நான்கு நாள் போகவில்லை. இந்தப் பழத்தைச் சர்க்கரைத் தண்ணீராக்குவது அநியாயம். தாழியில் நொதித்த, இனிப்பற்ற சபெராவியே அதன் உண்மையான முகம்.

வெல்லக்கட்டி:
சர்க்கரைத் தண்ணீர் என்றதைத் திரும்பப் பெறுங்கள், ஐயா. முறையான கிண்ட்ஸ்மராவுலியில் யாரும் சர்க்கரை கொட்டுவதில்லை. ஆலசானி ஆற்றின் இடக்கரையில், குவாரெலி பக்கம், நன்றாகக் கனிந்த பிறகு பறிக்கிறார்கள். நொதிக்கும்போதே குளிரவைத்து நிறுத்திவிடுவதால், ஈஸ்ட் தின்னாமல் விட்ட பழச்சர்க்கரை தங்குகிறது. சபெராவியின் புளிப்பு பல்லைக் கூசவைக்கும். புளிக்குழம்பில் ஒரு துண்டு வெல்லம் போட்டால் புளி செத்துவிடுகிறதா?

ஓக்மரம்:
இருவரும் முகுசானி ஒயினை மறந்துவிட்டீர்கள். அதே ஆற்றின் வலக்கரை, அதே பழம். இனிப்பில்லாமல் நொதிக்கவைத்து ஓக் பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் வைக்கிறார்கள். முரட்டுத் துவர்ப்பு அங்கேதான் பதப்படுகிறது.

ககேட்டிக்காரன்:
வெல்லம் சரியான அடி. அந்தச் சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். ஓக்கை மட்டும் ஏற்கமாட்டேன். மரத்தின் வாசனை பழத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. குவெவ்ரியைப் பாருங்கள். கழுத்துவரை மண்ணில் புதைத்து, உள்ளே தேன்மெழுகு பூசிய தாழி. சாறு, தோல், விதை எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். மேலே மிதந்துவரும் சக்கையைக் கழியால் அமுக்கி அமுக்கி விடுவார்கள். சூடு ஏறாமல் மண் பார்த்துக்கொள்ளும். 2013இல் யுனெஸ்கோ இந்த முறையைப் பண்பாட்டு மரபாக அறிவித்தது. திபிலிசிக்குத் தெற்கே கடாச்ரிலி கோராவில் கிடைத்த ஏறத்தாழ 8,000 ஆண்டுப் பழைய பானை ஓடுகளில்கூட ஒயினின் தடயம் இருந்தது.

வெல்லக்கட்டி:
அந்த ஓட்டில் இருந்தது சபெராவிதான் என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை. பழமை வேறு, சுவை வேறு. 2006இல் ரஷ்யா ஜார்ஜிய ஒயினுக்குத் தடை போட்டது, 2013இல்தான் நீங்கியது. இடையில் மேற்கத்தியச் சந்தைக்குப் போனவர்கள் தாழியைத் தூக்கிப்பிடித்தார்கள், அரை இனிப்பு 'ரஷ்யர் விரும்பும் சுவை' என்று ஒதுங்கியது. என் கணிப்பு இது. வாங்குகிறவர் யார் என்று பார்த்தா ஒரு பழத்தின் குணத்தைச் சொல்வது?

ககேட்டிக்காரன்:
அந்தக் கேள்வி சுடுகிறது. ஆனாலும் திராட்சைக் கொடிக் குச்சித் தணலில் சுட்ட பன்றி இறைச்சியை, கொழுப்பு வழிய வழிய ஒரு வாய் தின்றுவிட்டுத் தாழிச் சபெராவி ஒரு மிடறு குடியுங்கள். நாக்கு கழுவியதுபோல ஆகிவிடும். கிண்ட்ஸ்மராவுலியால் அது முடியாது.

வெல்லக்கட்டி:
அந்த மேசையை உங்களுக்கே விட்டுவிடுகிறேன். என் வீட்டில் மிளகு போட்டு வறுத்த ஆட்டுக்கறி. அதன் பக்கத்தில் உங்கள் தாழி ஒயினை வைத்தால் துவர்ப்பும் காரமும் சேர்ந்து வாய் பற்றியெரிகிறது. குளிரவைத்த கிண்ட்ஸ்மராவுலிதான் அணைக்கிறது.