கலைச்சொல் கேள்வி: குடலைச் சுற்றிப் படியும் கொழுப்புக்கு என்ன பெயர்?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். ஈரோட்டுப் பக்கம் எங்கள் ஊர் நூலகத்தில் வைக்கப்போகும் துண்டறிக்கைக்காக, 'விசரல் ஃபேட்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்று கேட்டிருந்தேன். உடற்கொழுப்புக்கும் மூளை நலத்துக்கும் உள்ள தொடர்புதான் அறிக்கையின் பொருள். வயிற்றுக் கொழுப்பு, உள்ளுறுப்புக் கொழுப்பு, உள்கொழுப்பு என்று மூன்று சொற்கள் வந்தன. மூன்றிலும் எனக்கு மனம் ஒப்பவில்லை.

கையால் கிள்ளினால் அகப்படுகிற சதையும் வயிற்றில்தான் இருக்கிறது. அதையும் இதையும் பிரித்துச் சொல்லத்தானே சொல் தேடுகிறோம்? அதனால் முதலாவது உதவாது. 'உள்ளுறுப்புக் கொழுப்பு' பத்திரிகைகளில் புழங்குகிறது என்பது உண்மைதான். ஆனால் படிக்கிறவர் ஈரலுக்குள்ளே சேரும் கொழுப்பு என்று எடுத்துக்கொள்வார், அது வேறு கோளாறு. 'உள்கொழுப்பு' என்றால் எதற்கு உள்ளே என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

இன்னொரு சங்கடம், நம் பக்கம் வெறுமனே கொழுப்பு என்றால் கொலஸ்ட்ரால்தான். "எனக்குக் கொழுப்பெல்லாம் ஒண்ணுமில்லீங்க, போன மாசந்தான் டெஸ்ட் எடுத்தேன்" என்பவருக்கு வயிறு சட்டைப் பொத்தானைத் தள்ளிக்கொண்டு நிற்கும். அந்த ரிப்போர்ட் இதைக் காட்டாது. (கொழுப்பு என்பதற்கு மூன்றாவதாக ஒரு பொருளும் உண்டு. அதற்குக் கலைச்சொல் தேவையில்லை, சண்டைதான் வரும்.)

இந்தக் கொழுப்பைக் கண்ணால் பார்க்க ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடைக்குப் போனால் போதும். தோலை உரித்ததும் ஆட்டின் முதுகில் ஒட்டியிருப்பது ஒரு கொழுப்பு. வயிற்றைக் கீறியதும் குடலின் மேல் வலைத்துணி போல வெள்ளையாக விரிந்து கிடப்பது இன்னொன்று. கடைக்காரர் அதை ஒரே இழுப்பில் உருவித் தனியே போடுவார். குடல் வாங்குகிறவர்கள் "கொழுப்பு எடுத்துட்டுக் குடுங்க" என்பது அதைத்தான். மனிதரிலும் பெரும்பகுதி அதே இடத்தில்தான், குடலைத் தாங்குகிற சவ்வுகளில் படிகிறது. ஆகவே என் பரிந்துரை 'குடல்சூழ் கொழுப்பு'. இதற்கு இணையாக மற்றதற்குத் 'தோலடிக் கொழுப்பு'.

சொல்லில் இடம் தெரிய வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிக்கக் காரணம் உண்டு. குடல்சூழ் கொழுப்பிலிருந்து வரும் ரத்தம் போர்ட்டல் சிரை என்கிற ரத்தக் குழாய் வழியாக நேரே ஈரலுக்குப் போகிறது. அந்தக் கொழுப்பு மிஞ்சும்போது இன்டர்லூக்கின்-6 போன்ற அழற்சிப் பொருள்கள் கூடுகின்றன, இன்சுலின் வேலை செய்யத் துணை நிற்கும் அடிப்போனெக்டின் என்ற ஹார்மோன் குறைகிறது, இன்சுலினுக்கு உடம்பு சரியாகக் கட்டுப்படுவதில்லை. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வந்து சேர்ந்தால் மூளையின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் கெடுகின்றன.

கலிபோர்னியாவில் 40 முதல் 45 வயது வரையிலான 6,583 பேருக்கு 1964-க்கும் 1973-க்கும் இடையில், முதுகிலிருந்து முன்வயிறு வரை எவ்வளவு கனம் என்று அளந்து வைத்திருந்தார்கள். சராசரியாக 36 ஆண்டுகள் கழித்து யாருக்கெல்லாம் மறதி நோய் வந்தது என்று பார்த்தார்கள். வயிறு மிகப் பெருத்திருந்த ஐந்தில் ஒரு பங்கினருக்கு, மிக ஒட்டியிருந்தவர்களைக் காட்டிலும் கிட்டத்தட்ட மூன்று மடங்கு அபாயம். 2008-இல் வெளிவந்த ஆய்வு இது.

எடைக்கல்லை நம்பவும் முடியாது. புனேயின் மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த யுட்கினும் 2004-இல் தங்கள் படத்தையே லான்செட் மருத்துவ இதழில் போட்டார்கள். எடையை உயரத்தோடு ஒப்பிட்டுச் சொல்லும் உடல் நிறை எண் (பி.எம்.ஐ.) இருவருக்கும் 22.3. ஆனால் உடற்கொழுப்பு யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2. நம் ஊரில் ஒல்லியாகத் தெரிபவர்களுக்குக் காட்ட வேண்டிய படம் அது.

பொள்ளாச்சி மருத்துவர் அண்ணாவும் திருச்செங்கோட்டு அக்காவும் சொல்லைக் கொஞ்சம் உரசிப் பாருங்கள்.

*

பொள்ளாச்சியிலிருந்து:

சொல் நல்லா இருக்குதுங்க தம்பி. அறிக்கையில் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். இந்தத் தொடர்பு நடுவயதில் அளந்த வயிற்றுக்குத்தான் தெளிவாகத் தெரிகிறது. எழுபதைத் தாண்டியவர் காரணமில்லாமல் இளைத்தால், அதுவே மறதி நோயின் முன்னறிகுறியாக இருக்கலாம். 'கொழுப்பைக் குறையுங்கள்' என்று மொட்டையாகப் போட்டால் நம்ம ஆத்தாக்கள் ராத்திரிச் சோற்றை நிறுத்திவிடுவார்கள். 'காரணம்' என்றும் எழுத வேண்டாம், 'தொடர்பு' போதும்.

அப்புறம், வரைவில் 'நினைவாற்றல்' என்று இருக்கிறது. அது போதாது. பேரன் பேத்தி பெயரெல்லாம் சரியாகச் சொல்கிற மனிதர், ஏலச்சீட்டில் தள்ளிப்போன தொகையைத் தலைக்கு எவ்வளவு என்று பிரிக்கத் திணறுவார். முப்பது வருசம் சீட்டு நடத்தியவராகக்கூட இருப்பார். கவனம், கணக்கு, திட்டமிடல் எல்லாம் அடங்க 'அறிதிறன்' என்று போடுங்கள். சிலர் எழுதும் 'புலனுணர்வு' கண், காது சங்கதி.

*

திருச்செங்கோட்டிலிருந்து:

'குடற்சூழ்' என்று வர வேண்டாமா? புணர்ச்சியை விட்டுவிட்டு அச்சடித்தால் நாளைக்கு எங்கள் பள்ளிப் பிள்ளைகளே கேட்பார்கள்.

*

அக்கா, குடலைச் சூழும் கொழுப்பு என்று இரண்டாம் வேற்றுமை விரிகிறது, அடுத்து வருவதும் வினை. பால் குடித்தான் என்கிறோம், பாற்குடித்தான் என்பதில்லையே. 'குடற்சூழ்' என்றால் வாசிக்கிறவர் நாக்கும் தடுக்கும். 'குடல்சூழ்' இருக்கட்டுமே.

அண்ணா சொன்ன இரண்டையும் சேர்த்துவிட்டேன். இடுப்பளவு வரம்பும் போட்டிருக்கிறேன்: இந்தியர்களுக்கு ஆண்கள் 90 செ.மீ., பெண்கள் 80. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் அளக்க வேண்டும், வேட்டி கட்டுகிற இடத்தில் அல்ல என்று தனி வரியாகவே எழுதினேன். தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டி, டேப்பையும் அங்கேயே வைத்து "34 தாங்க" என்று சொல்பவர்கள் இங்கே நிறைய.

தலைப்பு 'குடல்சூழ் கொழுப்பும் அறிதிறனும்'. வேறு மறுப்பு இருந்தால் செவ்வாய்க்குள் எழுதுங்கள், புதன்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்கிறோம்.