தைப் பனியில் வீட்டுப் பிராணிகள்: இலங்கை மலையகத்திலிருந்து எங்கள் அனுபவங்கள்

நானுஓயாவிலிருந்து:

கடந்த மார்கழிக் கடைசியில் எங்கள் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், எங்கள் நாய் செவலை ஐந்து குட்டிகளை ஈன்றிருந்தாள். தை பிறந்த சில நாட்களில், தேயிலைச் செடிகளின் மேல் துகள் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்த ஒரு விடியற்காலையில், சாக்கிலிருந்து விலகிச் சிமெந்துத் தரையில் தனியே கிடந்த குட்டியொன்றைக் கையில் எடுத்தேன். அதன் வாய்க்குள் விரலை வைத்தபோது ஆற்று நீரைத் தொட்டது போல் இருந்தது. பசியால் துவண்டுவிட்டது என்றெண்ணி, பால்மாவை வெந்நீரில் கரைத்து ஊசியில்லாத சிரிஞ்சினால் சொட்டுச் சொட்டாக ஊட்டினேன். பால் மூக்கின் வழியே திரும்பி வந்தது. மதியத்துக்குள் குட்டி இறந்துவிட்டது.

பிறந்த முதல் சில வாரங்களில் நாய்க்குட்டியால் தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது என்பதையும், முதல் வாரத்தில் அதற்கு நடுக்கங்கூட வராது என்பதையும் மிருக வைத்தியர் பிறகுதான் எனக்கு விளக்கினார். உடல் குளிர்ந்த குட்டிக்குக் குடல் இயங்காது, விழுங்கவும் வலுவிருக்காது. ஆகவே ஊட்டும் பால் செரிக்காமல் தங்கிவிடும், அல்லது நுரையீரலுக்குள் இறங்கிவிடும். முதலில் சூடு, பிறகே பால் என்ற அந்த ஒழுங்கை நான் தலைகீழாகச் செய்திருந்தேன்.

அடுத்த வாரமே இன்னொரு குட்டி அவ்வாறு விறைத்துக் கிடந்தது. இம்முறை அதை என் சுவெட்டருக்குள் நெஞ்சோடு சேர்த்து வைத்து, மேலே கம்பளியைப் போர்த்திக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன். அவசரப்பட்டு நெருப்பருகே காட்டினால் தோல் வெந்துபோகும் என்பதால், ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகப் பொறுமையாகவே சூடேற்றினேன். முதலில் பின்னங்கால் ஒன்று அசைந்தது; பிறகு என் சுண்டுவிரலை நாக்கால் மடித்துச் சப்பத் தொடங்கியது. அதன்பின்னரே தாயிடம் விட்டேன். அன்றிலிருந்து, வெந்நீர் நிரப்பிய போத்தலைத் துவாயில் சுற்றிக் குட்டிகளின் பெட்டியின் ஒரு மூலையில் மட்டும் வைக்கிறேன். சூடு அதிகமானால் அவை மறுபக்கம் நகர்ந்துகொள்ள இடம் வேண்டும்.

தலவாக்கலையிலிருந்து:

அக்கா எழுதியதை வாசித்தபோது, நமக்குச் செய்வதையே அவற்றுக்கும் செய்துவிடுகிறோம் என்பது எனக்கும் உறைத்தது. எங்கள் பூனை குளிரில் தும்மிக்கொண்டிருந்ததைப் பார்த்து, வீட்டிலிருந்த பரசிட்டமோல் மாத்திரையில் பாதியை அம்மா அதற்குக் கொடுத்துவிட்டார். சில மணித்தியாலங்களில் அதன் ஈறு மண்ணிறமாக மாறி, மூச்சு வாங்கத் தொடங்கியது. மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு நுவரெலியாவுக்கு ஓடினோம். பூனையின் ஈரலால் அந்த மருந்தைப் பாதுகாப்பாகச் சிதைக்க முடியாததால், இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழந்துவிடுகிறது என்றார் வைத்தியர். நச்சு முறிவு மருந்து உடனே கிடைத்ததால் பிழைத்துக்கொண்டது. பூனைக்குக் கால் மாத்திரைகூடக் கொடுக்க வேண்டாம் என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்லி வருகிறேன்.

ஹப்புத்தளையிலிருந்து:

எங்கள் கிழட்டு நாய்க்குப் பனிக்காலம் தொடங்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். காலையில் எழுந்து நிற்கவே நெடுநேரம் ஆகும். மனிதருக்கான வலி மாத்திரைகளை நாய்க்கும் கொடுக்கக் கூடாது. இபுபுரூஃபன் இரைப்பையைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். நாங்கள் செய்தது எளிய காரியம்: நான்கு செங்கல்லின் மேல் பலகை போட்டு, அதன்மேல் சாக்கும் பழைய கம்பளியும் விரித்து, தரையின் ஈரக்குளிர் ஏறாதவாறு படுக்கையை உயர்த்தினோம். மூடுபனியில் நனைந்து வந்தால் வயிற்றையும் விரலிடுக்குகளையும் துடைத்துவிட்டே படுக்க விடுகிறோம்.

பூனை வளர்ப்போருக்கு இன்னொன்று: இரவில் அணைத்த அடுப்புச் சாம்பலுக்குள் அவை சுருண்டு படுப்பதுண்டு, அடியில் கனல் இருக்கும். நிறுத்திய வாகனத்தின் இயந்திரச் சூட்டைத் தேடியும் உள்ளே புகுந்துகொள்ளும். விடியற்காலையில் வாகனத்தை எடுப்பதற்கு முன் நான் இரண்டு முறை பலமாகத் தட்டுகிறேன். இந்த மாதத்திலேயே மூன்று தடவை எங்கள் பூனை அதற்குள்ளிருந்து இறங்கி ஓடியது.