மறதி நோயுள்ள அம்மா பல் துலக்க வாயைத் திறப்பதில்லை

கேள்வி (கொழிஞ்சாம்பாறை)
79 வயதான என் அம்மா மறதி நோயோடு ஓராண்டாகக் கேரளத்தில் சித்தூர்ப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். மூன்று மாதங்களாகப் பிரஷைக் கண்டாலே உதடுகளை இறுக மூடிக்கொள்கிறார். வற்புறுத்தினால் கையைத் தட்டிவிடுகிறார், ஒருமுறை கடித்தும் விட்டார். இரண்டு பேர் கைகளைப் பிடித்துக்கொள்ள மூன்றாமவர் துலக்கிவிடுவதாகச் சொன்னார்கள். அதைக் கேட்டது முதல் எனக்கு உறக்கமில்லை. துலக்காமலேயே விட்டுவிடலாமா?

மறுமொழி 1 (பாலக்காடு, பல் மருத்துவர்)
விட்டுவிடாதீர்கள். வாயில் பெருகும் கிருமிகள் எச்சிலோடு நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரும். ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் ஈராண்டுகள் நடந்து 2002-இல் வெளியான ஆய்வில், ஒவ்வொரு வேளை உணவுக்குப் பின்னும் பணியாளர்கள் வாயைச் சுத்தம் செய்துவிட்டவர்களில் 11 விழுக்காட்டினருக்கும், மற்றவர்களில் 19 விழுக்காட்டினருக்கும் நிமோனியா வந்தது. ஆனால் கையைப் பிடித்துத் துலக்குவதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள், ஏனெனில் அந்தப் பயம் மறுநாளும் அவரிடம் இருக்கும். மூன்று மாதங்களாகத்தான் இப்படி என்கிறீர்கள். எனவே வலி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரே பக்கமாக மெல்லுகிறாரா, சூடான காப்பியை ஒதுக்குகிறாரா, பல்செட் உரசிப் புண்ணாக்கியிருக்கிறதா? சிறுநீர்க் கோளாறுக்கும் மனநலத்துக்கும் தரப்படும் சில மாத்திரைகள் வாயை உலர்த்திவிடும் என்பதால் மருந்துச் சீட்டையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மறுமொழி 2 (வேலந்தாவளம்)
முதியோரைப் பராமரிக்கும் வேலையில் இருப்பவள் என்பதால் ஒன்று கேட்கிறேன்: அங்கே அம்மாவிடம் எந்த மொழியில் பேசுகிறார்கள்? பிற்காலத்தில் கற்ற மொழி பெரும்பாலும் முதலில் நழுவும். என் பொறுப்பில் இருந்த ஒரு தமிழ்ப் பாட்டிக்கு, மலையாளத்தில் ‘வாய துறக்கு’ (வாயைத் திற) என்பது புரியவே இல்லை (தமிழில் துறப்பது சந்நியாசிகள் வேலை!). தலைமாட்டிலிருந்து நீண்ட பிரஷ் அவருக்கு ஏதோ குத்த வருவதுபோல் பட்டிருக்கிறது. எதிரே தாழ அமர்ந்து, முகம் பார்த்துச் சிரித்து, ‘பல்லு வெளக்கலாங்களா, அம்மா?’ என்று கேட்டுப் பிரஷை அவர் கையிலேயே கொடுத்தேன். சிறு வயதில் உமிக்கரியால் துலக்கிய கை. சற்று நேரம் பார்த்துவிட்டுத் தானாக வாய்க்குப் போனது. என் கையை அவர் கைமேல் வைத்து மெல்ல நகர்த்தினேன். முறைத்தால் அப்போதே நிறுத்திவிட்டு அரை மணி கழித்து வருவேன். பற்களுக்கு இடையே மட்டும் விரலை விடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்
இருவருக்கும் நன்றி. நேற்று நேரில் போய்ப் பார்த்தோம். கீழ்ப் பல்செட்டுக்கு அடியில் மிளகு அளவில் ஒரு புண் இருந்தது. மருத்துவர் செட்டின் விளிம்பைத் தேய்த்துக் கொடுத்து, இரவில் கழற்றித் தண்ணீரில் போட்டு வைக்கச் சொன்னார். மாலைக் காப்பிக்குப் பிறகு அம்மாவே பிரஷைப் பிடித்து முன்பற்களை மட்டும் துலக்கினார். கடைவாய்ப் பக்கம் போனதும் மறுபடியும் வாயை மூடிக்கொண்டார்.

மறுமொழி 2
அதற்கு அவசரம் வேண்டாம். அவரது மறு கையில் இன்னொரு பிரஷையோ துண்டையோ கொடுத்துப் பாருங்கள். கவனம் அதில் இருக்கும்போது கடைவாய்ப் பக்கம் போய்வந்துவிடலாம்.