பொருள்: சிங்குலாரிட்டிக்குத் தமிழ்ச்சொல் தேவை, வெள்ளிக்குள்

வணக்கம். பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பிரபஞ்சத் தோற்றம் பற்றிய துணைப்பாடம் எழுதுகிறேன். 1380 கோடி ஆண்டுகளைப் பின்னோக்கி ஓட்டினால், ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் கணக்கில் அடர்த்தி முடிவிலி ஆகிவிடுகிறது. அந்த நிலைக்கு 'ஒருமை' என்று போட்டேன். "அப்போ பன்மை எது சார்?" என்கிறான் ஒருவன். வெள்ளிக்கிழமை அச்சு.

---

'கரு' இருக்கக் கவலை ஏன்? பரிபாடலில் 'கருவளர் வானத்து இசையில் தோன்றி, உரு அறிவாரா ஒன்றன் ஊழி' என்று வருகிறதே. கருவும் இருக்கிறது, ஒன்றும் இருக்கிறது. கருமை, கருவி, கருது எல்லாமே ஒரே வேர் என்பது என் துணிபு. விரிவாக அடுத்த மடலில்.

---

ஐயா, அடுத்த மடல் வேண்டாம். கரு என்றால் வளர வேண்டும். இயற்பியலர் பென்ரோஸ் 1965இல் நிறுவியது விண்மீன் சரிந்து முடிவதைப் பற்றி. அதைப் பிரபஞ்சத் தொடக்கத்துக்கும் நீட்டியவர் இன்னோர் இயற்பியலரான ஹாக்கிங். 1970இல் இருவரும் சேர்ந்து இரண்டுக்கும் பொதுவாக நிறுவினார்கள். இரண்டுக்கும் ஒரே சொல் வேண்டும். கருந்துளைக்குள் கரு என்று எழுதுவீர்களா?

'புள்ளி'யும் ஆகாது. பிரபஞ்சம் அப்போதே எல்லையற்றதாக இருந்திருக்கலாம். புள்ளி என்றால் அது எங்கே இருந்தது என்று கேட்பார்கள். உண்மையில் அது ஒரு பொருளே அன்று, சமன்பாடு கைவிட்டுவிடும் இடம். ஆகவே 'வழுநிலை'. எழுவகை வழுவில் காலவழு ஏற்கெனவே இருக்கிறது!

---

அப்படியானால் ஈர்ப்பையும் குவாண்டம் இயற்பியலையும் இணைக்கும் குவாண்டம் ஈர்ப்புக் கொள்கை வந்ததும் வழுவமைதி ஆகிவிடுமா? :-) குவாண்டம் விளைவுகளைச் சேர்த்தால் தொடக்கத்தில் அது இல்லாமலே போகலாம் என்று ஹாக்கிங்கே பிறகு சொல்லிவிட்டார். இல்லாமல் போகக்கூடிய ஒன்றுக்கு இத்தனை மடலா? பிள்ளைகள் வழு என்றதும் அச்சுப்பிழை என்று நினைப்பார்கள். புரோட்டான் புரோட்டானாகவே இருக்கிறது, சிங்குலாரிட்டியும் இருக்கட்டும்.

---

அப்புறம் 'பெருவெடிப்பு'? எதுவும் வெடிக்கவில்லை, வெளிதான் விரிந்தது. அந்தப் பெயரை 1949இல் பிபிசி வானொலியில் சொன்ன வானியலர் ஹாய்லுக்கு அந்தக் கொள்கையே பிடிக்காது. 'பெருவிரிவு' என்று மாற்றுவோம்.

---

அதற்குத் தனி இழை தொடங்குங்கள், தயவுசெய்து. தனிமடலில் வந்தவற்றையும் சேர்த்தால் 'ஒருமைநிலை'க்குத்தான் கொஞ்சம் கூடுதல் ஆதரவு. அதையே அனுப்புகிறேன், முதலில் வரும் இடத்தில் மட்டும் பக்கத்திலேயே சிங்குலாரிட்டி. எல்லாருக்கும் நன்றி.

---

பதிவுக்காக: நான் ஒப்பவில்லை. கணக்குப் புத்தகத்தில் முற்றொருமை (identity) வேறு பொருளில் உட்கார்ந்திருக்கிறது, இரண்டும் குழம்பும். கருந்துளைப் பாடம் எழுதும்போது மறுபடி வழுவோடு வருவேன்.